தவசிமுத்துவின் வெயில்

வால்டருக்கு வலது தோள்பட்டை விடியும்போதே குத்த ஆரம்பித்துவிட்டது. எழுபத்தாறு வயதுத் தோள். பதினான்கு வருடம் சினிமாப் படப்பிடிப்பில், நடிகர் முகத்துக்கு வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகையைச் சுமந்த தோள். மகள் ஜானட் தைலம் தேய்த்துவிட்டாள்.

“போனியா, கையெழுத்து வாங்கினியான்னு வந்துகினே இரு நைனா. அங்க எதையும் தூக்காத.”

கையெழுத்துப் போடவேண்டியவர் தவசிமுத்து. கறுப்பு வெள்ளைக் காலத்துக் கேமராமேன். அவர் வெளிச்சம் வைத்தால் ஐம்பது வயதுக் கதாநாயகனுக்குக் கல்லூரிப் பையன் முகம் வந்துவிடும் என்பார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பணம் போட்டவர்களாவது பிழைத்திருப்பார்கள். டைரக்டர் ஆனார். மூன்று படம் தொடங்கினார், முடிந்தது ஒன்று. மூட்டை தூக்குகிறவன் கதை அது. வெயிலில் நான்கு மணி நேரம் நிற்கவைத்ததில் மூட்டைக்காரனுக்கு உண்மையான வியர்வையே வந்துவிட்டது. அது மின்னவில்லை என்று துடைத்துவிட்டு கிளிசரின் தடவச் சொன்னார். மேகம் வந்தால் கேமரா நிற்கும். மேகம் போவதற்குள் கதாநாயகியின் கால்ஷீட் முடிந்திருக்கும். பணம் போட்ட மளிகை வியாபாரி சாலமோன் கடையை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலேறினார்.

வால்டரின் சினிமாத் தொழிலாளர் சங்க அட்டை புயல் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. ஓய்வூதியம் வேண்டுமென்றால், ‘இவர் என்னிடம் வேலை பார்த்தார்’ என்று ஒரு கேமராமேன் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். வால்டர் வேலை பார்த்த கேமராமேன்களில் உயிரோடு இருப்பவர் தவசிமுத்து மட்டும்தான். வயது தொண்ணூற்றொன்று. பாரம் கொடுக்க நாளை கடைசி நாள்.

நல்லவேளையாக அவரே வால்டர் குடியிருக்கும் ராயபுரத்துக்கு வந்தார். அனிஷா என்ற பெண் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள். மீன்பிடித் துறைமுகத்தில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள். வால்டர் பாரத்தை நீட்டினார்.

“ஏலே வால்டரு, உயிரோடயா இருக்கே?”

“கீறேன் சார். கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னும் கொஞ்ச நாளு இருப்பேன்.”

தவசிமுத்து பேனாவைத் திறந்தார். அனிஷா கேமராவைத் திருப்பினாள். “சார், இதையும் எடுத்துக்கறேன்.”

பேனா மூடிக்கொண்டது. “அப்ப இப்படி வேண்டாம். முகத்துல நிழல் விழுது. வால்டரு, அந்த ரிஃப்ளெக்டரைப் பிடி.”

வால்டர் தூக்கினார். தோளுக்குள் ஊசி இறங்கியது. தவசிமுத்து நாற்காலியை மூன்று முறை நகர்த்தச் சொன்னார். பாரத்தின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கிறது என்று அதன்மேல் கொஞ்சம் தேநீர் தெளிக்கச் சொன்னார். ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னா மாமு, கையெழுத்தா, கண்ணாலமா?” என்றான் ஒருவன்.

“சும்மா இருப்பா, கை ஆடுது,” என்றார் வால்டர்.

நாலரை மணிக்கு எல்லாம் சரியாக வந்தது. பேனா தாளில் பட்டு ஒரு புள்ளி மை விழுந்தது.

ரிஃப்ளெக்டர் பிடிக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூரியனை மேகம் மறைக்க வந்தால் முன்கூட்டிக் குரல் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் ஃபிலிம் வீண், தவசிமுத்து கையால் கன்னத்தில் அறை விழும். அந்த வேலையை விட்டு நாற்பத்தைந்து வருடம் ஆகியும் வால்டரின் வாய்க்குச் சேதி போய்ச் சேரவில்லை.

“மேகம் சார்.”

பேனா மேலே எழுந்தது. “கட்,” என்றார் தவசிமுத்து, பரம திருப்தியாக. “பாத்தியாம்மா? இவன்தான் தொழில்காரன்.”

“பரவால்ல சார், போட்ருங்க. இருட்டுல போட்டாலும் செல்லும்.”

“இப்பப் போட்டுட்டு, வெயில் வந்ததும் இன்னொருக்கா போட்டா, அது நடிப்புல்லாலே. நமக்கு நிஜம் வேணும்.”

“சார், அவருக்கு அவசரம் போல,” என்றாள் அனிஷா. அவர் அவளையும் கையமர்த்திவிட்டார்.

மேகம் மாதவரம் பக்கமாக வந்து சூரியன்மேல் உட்கார்ந்தது. ஐந்தேகாலுக்குத் தவசிமுத்துவின் மகன் காரோடு வந்தார், மாத்திரைக்கு நேரமாகிவிட்டதாம். தவசிமுத்து பாரத்தை வால்டரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த வாரம் வச்சுக்கலாம்லே. காலை வெயில்தான் உன் முகத்துக்கு எடுப்பா இருக்கும்.”

“நாளிக்குத்தான் கடைசி சார்.”

கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.

ஜானட் போனில் கேட்டாள்: “இன்னா நைனா, போட்டாரா?”

“மேகம்மா,” என்றார் வால்டர்.

பதினான்கு வருட வேலைக்கு தவசிமுத்து அவருக்குத் தரவேண்டிய ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி.