முப்பத்தோராம் நாள்

1

இந்தக் கதை பிறந்தது சட்டமன்றத்தில், பார்வையாளர் மாடத்தின் மூன்றாவது வரிசையில். எனக்கு அரசியல் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சின்ன காஞ்சிபுரத்தில் தமிழ் வாத்தியார். அன்று விலைவாசிக் கட்டுப்பாட்டு மசோதாவுக்கு வாக்கெடுப்பு. எதிர்க்கட்சி விடாப்பிடியாகக் கேட்டதால் தலைகளை எண்ணினார்கள். ஆதரிப்பவர்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்க வேண்டும். எங்கள் ஊர் உறுப்பினர் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்தபடி, எழவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் இருந்தார். நான்கு நொடி இருக்கும். அந்த நான்கு நொடியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று மாதமாகிறது.

அவருக்குத் துளசி என்று பெயர் வைத்திருக்கிறேன். முதலில் ரேவதி என்று வைத்தேன். ரேவதி என்றால் சட்டென்று எழுந்து நின்றுவிடுவார் போலிருந்தது. மாற்றிவிட்டேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள் சில.

"கோபுரத்தின் நிழல் நீண்டு தெருவில் விழுந்திருந்த காலையில்—" (காஞ்சிபுரத்துக் கதை என்றாலே கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.)

"ஒரே ஒரு ஓட்டு. அதில்தான் ஆட்சியின் உயிரே—" (பொய். ஆளுங்கட்சிக்குத் தாராளமாகப் பெரும்பான்மை இருந்தது. துளசி நின்றாலும் உட்கார்ந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். அப்படியானால் இது எதற்குக் கதை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.)

"துளசி மாகறல்காரர். நெல் பயிரிடும் குடும்பம்." இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

3

துளசி மாகறல்காரர். நெல் பயிரிடும் குடும்பம். முதல்முறையாகச் சட்டமன்றம் போனவர். ஓட்டுக் கேட்கப் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல். பருப்பு ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டுநூல் ஏறிவிட்டது. பெரிய வியாபாரிகள் நூலைப் பதுக்குகிறார்கள். துளசிக்குக் கோபம் வந்தது. சட்டமன்றத்தில் முதல் பேச்சிலேயே முழங்கினார்: "முப்பது நாள் இருப்பு வைத்தால் அது வியாபாரம். முப்பத்தோராம் நாள் அது களவு!"

மேசைகள் அதிர்ந்தன. அமைச்சருக்கும் பிடித்துப்போனது. மசோதா வந்தபோது ஏழாவது பிரிவாக அது உட்கார்ந்திருந்தது: இரண்டு கிலோவுக்கு மேல் பட்டுநூலை முப்பது நாளுக்கு மேல் வைத்திருப்பவர் எவரும் பதுக்கல்காரர். துளசி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் தொகுதி முழுக்க அனுப்பினார்.

(அந்த 'எவரும்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

4

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு வேல்முருகன் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்குள் மூன்று தறி வைத்திருப்பவர். தேர்தலில் துளசிக்காகத் தெருத்தெருவாகச் சைக்கிள் மிதித்தவர்.

"உள்ள வாங்கம்மா. தல பாத்து, வாச நெல தாழ்வா இருக்குது."

தறியருகே நிறுத்தி, நீளமாக இழுத்துக் கட்டியிருந்த நூலைத் தொட்டுக் காட்டினார்.

"இதாம்மா பாவு. மூணு பொடவைக்கும் சேத்து ஒரே பாவுதான் ஏத்துவோம். ஏத்தி இன்னியோட நாப்பத்தாறு நாளு ஆவுது. ரெண்டு பொடவ அறுத்தாச்சி. மூணாவது பொடவ ஓடிக்கினு இருக்குது. நடுவுல எடுக்கவும் முடியாது. உங்க சட்டப்படி நான் யாரும்மா?"

துளசி சிரித்தார். பிறகு பக்கத்துத் தறியைப் பார்த்தார். அதிலும் பாவு. மூன்றாவது தறி மட்டும் வெறுமனே நின்றிருந்தது. வீட்டில் மட்டும் நான்கு கிலோ இருக்கும். சுவருக்கு அப்பாலும் தறி, அதற்கு அப்பாலும் தறி. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.*

"அப்போ சட்டமே வேணாமாண்ணா?"

குறுக்கு நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த வேல்முருகனின் மனைவி மங்கையர்க்கரசி ராட்டையை நிறுத்தினார். "அப்டி சொல்லிடாதீங்கம்மா. குறுக்கு நூலு வெல எறங்கலன்னா மூணாவது தறி நின்னது நின்னதுதான்."

"சட்டம் வந்தா மூணுமே நிக்கும்," என்றார் வேல்முருகன்.

"அப்ப வேணுன்றியா, வேணான்றியா?"

"அதான் எனக்கே தெரிலன்றேன்."

மூன்றாவது தறிக்கான பாவு, தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைத்து, மூலையில் சுருட்டி வைத்திருந்தது. வேல்முருகன் அதைக் காட்டினார். "கடசியா வாங்குன நூலு. இத ஏத்தட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

துளசி நிலையில் தலை குனிந்து வெளியே வந்தார்.

* அவர் மனதில் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாதி அவரே காரில் சொன்னது. மீதி என் கைச்சரக்கு.

5

கட்சிக் கொறடா சீனிவாசன் நல்ல மனிதர்தான். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.) துளசி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "விதிகள் எழுதறப்போ பாத்துக்கலாம்மா. நீங்க கேட்டு வாங்கினத நீங்களே வேணாம்னா ஊரு சிரிக்கும். எதிர்த்து ஓட்டுப் போட்டா பதவி போயிடும், தெரியுமில்ல?" என்றார்.

இனி முடிவுகள்.

அ) துளசி எழுந்து நிற்கிறார். நூல் விலை இறங்குகிறது. ஒருநாள் வேல்முருகன் வீட்டு வாசலில் தராசோடு அதிகாரிகள்—

ஆ) எழவில்லை. பதவி போகிறது. நூல் வியாபாரிகளிடம் விலைபோய்விட்டார் என்று பிள்ளையார்பாளையமே பேசுகிறது. மங்கையர்க்கரசியும்—

இ) எழுந்து, ஓட்டுக்காக இல்லாமல் பேசுவதற்காக நிற்கிறார். "பேரவைத் தலைவர் அவர்களே, அந்த முப்பது என் அறியாமை!" இதைத்தான் ஆசையாக எழுதினேன். இரண்டு பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் கணீரென்று இருந்தது. படித்துப் பார்த்தால் பேசுவது துளசி இல்லை, நான். கிழித்துப் போட்டேன்.

6

மூன்றாம் பகுதியில் ஒரு திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். 'துளசி முழங்கினார்' என்று எழுதினேன். முழங்கினார், சரி. எழுதிக் கொடுத்தவன் நான். அவருடைய எல்லாப் பேச்சும் நான் எழுதிக் கொடுப்பதுதான்.

"எத்தனை நாளுன்னு போடலாம் ஸுதர்சன் சார்?" என்று கேட்டார். நான் தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பதினைந்து என்றால் சப்பென்று இருந்தது. அறுபது என்றால் இழுத்தது. முப்பது, முப்பத்தோராம் நாள்... வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், அமர்க்களமாக இருந்தது.

"முப்பது," என்றேன்.

"நெல்லு முப்பது நாளு களத்துல கெடந்தா எலியே தின்னுடும். போதும் சார்," என்றார் துளசி. அவருக்குத் தெரிந்தது நெல். எனக்குத் தெரிந்தது ஓசை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தெருவையே பதுக்கல்காரர்களாக்கினோம்.

என் மனைவி பெருந்தேவியின் கூறைப்புடவை, வேல்முருகன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி நெய்தது. ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும் என்று இருபது வருஷத்தில் நான் யாரையும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை நான்கு நொடியாக்கி, துளசியின் தலையில் கட்டி, அதற்குக் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

7

ஆகவே வாக்கெடுப்பு. துளசியின் வரிசை எழுந்துவிட்டது. அவர் கை மேசை விளிம்பில். தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது எண்ணி முடித்திருந்தார்கள். அவர் எழுந்தாரா, எழவில்லையா? எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், பேப்பரில் பார்த்தால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. பார்க்கவில்லை. அதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், அ, ஆ, இ எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

எனக்குத் தெரிந்தது வேறொன்று. ஊர் திரும்பும்போது காரில் துளசி சொன்னார்: "முப்பது நாளுன்னு யாரும்மா சொல்லிக் குடுத்ததுன்னு வேல்முருகன் அண்ணா கேட்டாரு சார். நான்தான்னு சொல்லிட்டேன்."

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மசோதா நிறைவேறிவிட்டது, விதிகள் இன்னும் வரவில்லை. வேல்முருகன் வாசல் வரைக்கும் இரண்டு முறை சைக்கிளில் போய்விட்டேன். மூன்றாவது தறிக்கான பாவு, ஏற்றப்படாமல் அதே மூலையில் சுருட்டியபடி கிடக்கிறது. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. இப்போது அது நிஜமாகவே இருப்பு. இரண்டு முறையும் அவர் தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க சார், எதுனா தெரிஞ்சிதா? ஏத்தட்டுமா, வேணாமா?" என்றார். இரண்டு முறையும், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நாளைக்கு மூன்றாம் முறை. அந்த வாசலில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். சின்னதாக இருக்கட்டும். கேட்க நன்றாக இருக்க வேண்டாம்.