யார் யாரை விட்டது

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்ப்பவள் அவள். வேலைக்குப் போகக்கூடாது என்று புருஷன் அவளுடைய செருப்பைக்கூட ஒளித்து வைத்தான். ஒருநாள் வெறுங்காலோடு வேலைக்குப் போனவள், திரும்ப அந்த வீட்டுக்குப் போகவில்லை. நான்கு மாதமாக அண்ணன் வீட்டில் இருந்தாள்.

சனிக்கிழமை மதியங்களில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வந்தாள். ஒரு வாரம் டீச்சர் 'ப்ரேக் அப்' என்று பலகையில் எழுதினார். உறவை முறித்துக்கொள்வது என்று பொருள் சொன்னார். நடந்து முடிந்துவிட்டால் 'ப்ரோக் அப்'. 'ஹி ப்ரோக் அப் வித் ஹெர்' என்றால் அவன்தான் அவளை விட்டான். வாக்கியத்தில் யார் முன்னால் வருகிறார்களோ, முறித்தது அவர்கள். பெண் முன்னால் வரலாமா என்று இவள் கேட்டாள். தாராளமாக வரலாம் என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் வாடகைக்கு ஒரு மாடியறை பார்க்கப் போனாள். வீட்டுக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் அண்ணனும் கூட வந்தான். புருஷன் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹி ப்ரோக் அப் வித் ஹெர்" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று தமிழில் கேட்டாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அவன் விட்டுட்டான்னா பாவம்னு ரூம் குடுப்பாங்க. நீ விட்டுட்டு வந்தேன்னா திமிருன்னு சொல்வாங்க. கொஞ்சம் சும்மா இரு."

"சொல்லட்டும். இல்லாததச் சொல்லி வாங்குற ரூம் எனக்கு வேணாம்."

வீட்டுக்கார அம்மாவின் பக்கம் திரும்பினாள். நெஞ்சில் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நோ. ஐ ப்ரோக் அப் வித் ஹிம்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவன் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறக்குமுன் அவளுக்கே புரிந்துவிட்டது. திறக்க மாட்டேன் என்றாள், தெரிந்த இங்கிலீஷில். கதவு கொஞ்சம் இறுக்கம், தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி, அந்த அம்மா சாவியை நீட்டினார்.

படியிறங்கும்போது அண்ணன் புலம்பினான். சொந்தபந்தம் எல்லோரிடமும் மாப்பிள்ளைதான் விட்டுவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறானாம். இனி எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ணா. யாரு கேட்டாலும் என் நம்பரக் குடு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைகளோடு குடிபோனாள். மறுநாள் காலையிலேயே அத்தை போன் செய்து, அவன் உன்னை விட்டுவிட்டானாமே என்று இழுத்தார்.

"இல்ல அத்தை. நான்தான் அவன விட்டேன்."

அத்தையை இவளே நலம் விசாரித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள்.