மேல் கண்ணாடி மட்டும்

கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால், விலங்கியல் பட்டதாரியான அவள் தூக்கத்தில்கூட வரைந்துவிடுவாள். கண்ணைத் தருகிறீர்களா என்று ஒரு மனிதரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் அவளுக்குச் சம்பளமே அதைக் கேட்பதற்குத்தான்.

ஏழாம் கட்டிலில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். "நாளைலேருந்து மருந்தைக் கூட்டணும். அப்புறம் அவர் தெளிவா பேசமாட்டார். இன்னைக்கே கேட்டுடு" என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

முதல் தடவை போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பக்கத்திலேயே கூஜா தளும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை அவருடைய மகன் அப்பாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தான். "ஜன்னல் நல்லா மூடுதா?" என்று ஜன்னலிடமே விசாரித்துவிட்டுத் திரும்பினாள்.

நான்காம் தடவை மகன் இல்லை. கடிகாரக்காரரின் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. காலைலேருந்து பாக்கறேன். வர்றே, முழிக்கறே, போறே. எனக்குப் புரியாம இல்ல. நல்ல பொண்ணாத்தான் தெரியறே. ஆனா அவனுக்குப் போன மாசம்தான் ஒரு இடத்துல பேசி முடிச்சோம்."

அவளுக்கு விளங்க அரை நிமிடம் ஆனது. காது மடல்வரை சுட்டது.

"ஐயோ, நான் உங்க பையனைக் கேக்க வரலம்மா. ஐயாவோட கண்ணைக் கேக்க வந்தேன்."

நான்கு நாள் ஒத்திகை பார்த்த முன்னுரையும் கனிவும் எங்கோ போய், கடையில் சோப்பு கேட்பதுபோல் வந்து விழுந்தது.

கட்டில் குலுங்கியது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது.

"எப்போ எடுப்பாங்க?"

"நீங்க... பிறகு. ஆறு மணி நேரத்துக்குள்ள."

"அதானே. முன்னாடியே எடுத்தா இவளை எப்படிப் பாக்கறது?"

மனைவி சிரிக்கவில்லை. "குழி விழுந்த முகமாவா அனுப்பறது? என்னால முடியாது."

படித்த படிப்பு முதன்முதலாக உதவிக்கு வந்தது. "முழுக் கண்ணை இல்லம்மா. இங்க எடுக்கறது முன்னால கண்ணாடி மாதிரி இருக்கற மெல்லிசான படலம் மட்டும். இமையை மூடினா வித்தியாசம் தெரியாது."

"மேல் கண்ணாடி மட்டும்தானா? மெஷினைத் தொடமாட்டாங்களா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் நான் மாத்தாத கண்ணாடியா? நம்மகிட்ட கேக்கும்போது மட்டும் இல்லைன்னா எப்படி?"

மனைவி அவருடைய இமைகளை விரலால் மெல்ல மூடினார். கொஞ்சநேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"சரி. ஆனா அந்த நேரத்துல கண் எடுக்கறவங்களுக்குப் போன் பண்ண எனக்குக் கை ஓடாது. நீ பண்ணுவியா?"

போன் அடித்தால், அது அடங்கும்வரை காத்திருந்து குறுஞ்செய்தி அனுப்புகிறவள் அவள்.

"பண்றேன்மா. என்னை ஒரு தடவை கூப்பிடுங்க, போதும்."

இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் ஒரு சீட்டில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். மனைவி விரல் வைத்துப் பார்த்தார்.

"ஒரு நம்பர் குறையுதே?"

குறைந்துதான் இருந்தது. சீட்டைத் திரும்ப வாங்கியபோது பேனா கீழே விழுந்தது.

"நிதானமா எழுதும்மா" என்றார் கடிகாரக்காரர். "நான் இன்னைக்கே கிளம்பல."