தேயிலைச் சக்கையில் நின்ற படை

ஜூன் பதினான்காம் தேதி, நகர நூலகத்தின் மேல்மாடி அரங்கில் நடந்த மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுப் போட்டியில், சிறப்பாக வர்ணம் தீட்டிய படைக்கான கோப்பை ஒரு மருந்துக்கடைக்காரருக்கு அறிவிக்கப்பட்டது.

படை என்பது விரல் உயரம்கூட இல்லாத ரோமானியச் சிப்பாய் பொம்மைகள். சிவப்புக் கேடயங்களில் மயிரிழை கனத்தில் மஞ்சள் சிறகுகள். காலடியில் அசல் காட்டுத்தரை போலச் சருகு.

"இந்தச் சருகை எப்படிச் செஞ்சீங்க?" என்று நடுவர் கேட்டார்.

"கடையில பாக்கெட்டா கிடைக்குது சார்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பொம்மைகளைக் கொண்டுவந்த பெட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு முகம் சிவந்தது. சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிப்பாயையும் தகட்டில் ஒட்டி வர்ணம் தீட்டியது மனைவிதான்.

"அது டீத்தூள் சக்கைங்க. காயவெச்சு, பசை தடவி நான்தான் தூவினேன். டீயைக் குடிச்சதோட இவர் வேலை முடிஞ்சுது."

"இவ கூடமாட கொஞ்சம் ஒத்தாசை பண்ணா சார்," என்று மருந்துக்கடைக்காரர் மழுப்பினார்.

"ஒத்தாசையா? என் பேரைச் சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

நடுவர் தயங்கினார். "ஆடறவங்களே வர்ணம் தீட்டணும்கிறது விதி. அப்ப இந்தப் படைக்குப் பரிசு இல்லம்மா."

"அவர் செஞ்சதுன்னா கோப்பை, நான் செஞ்சதுன்னா கிடையாதா? நல்லா இருக்கு உங்க நியாயம். அடுத்த தடவை நானே ஆடறேன், பேரை எழுதிக்குங்க."

கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போனது.

அடுத்த போட்டியில் மனைவி ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றார். வர்ணத்துக்கான கோப்பை அவருக்குக் கிடைத்தது. பெட்டியை மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார்.