பம்ப் பெட்டி எந்தப் பக்கம்

பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கொதிநீரில் போட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி, ஒருவழியாக முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தார் டிரைவர். அதுதான் டீசல் தொட்டி. பேனா ரீஃபில்கள் குழாய்களாயின, சட்டைப் பித்தான்கள் மூடிகளாயின. கடையில் பீரங்கி வண்டி மாடல் பத்து தினுசு கிடைக்கிறது, போர் விமானம் அதற்கு மேல். அந்தப் பீரங்கி வண்டிகளுக்கு டீசல் சுமந்த லாரியை மட்டும் எவனும் செய்து விற்கவில்லை. பட்டாளத்தில் அந்த லாரியை ஓட்டியே தலை நரைத்தவர், தானே செய்ய உட்கார்ந்துவிட்டார். மனைவி போன பிறகு சாப்பாட்டு மேசைக்கும் வேறு வேலை இல்லை.

டீசல் இறைக்கும் பம்ப் பெட்டியில்தான் வேலை முட்டிக்கொண்டு நின்றது. அது இடப்பக்கமா, வலப்பக்கமா? இருந்த ஒரே புகைப்படத்தில் அவரும் குட்டையும் லாரியை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் அவனுக்குக் குட்டை என்று பெயர். பக்கத்து இருக்கையில் பாதி ஆயுளைக் கழித்தவன். இருவருக்கும் சண்டையெல்லாம் இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டார்கள்.

பழைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பாகூட லாரி ஓட்டினவன்மா. குட்டை இருக்கானா?"

"மாமா... அப்பா தவறிட்டாங்க. போன மழைக்கு முன்னாடியே. உங்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்டுப் பாத்தோம். நீங்க நம்பர மாத்திட்டீங்க போல."

வாய்க்கு வந்தது வெளியே விழுந்துவிட்டது. "பம்ப் பெட்டி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்கானா?"

கேட்டதும் கூசிப்போனார். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வண்டியப் பத்திப் பேசவே மாட்டாங்க மாமா. உங்க பாட்டப் பத்தித்தான் பேசுவாங்க. தூக்கம் வராம இருக்க நீங்க பாடுவீங்களாமே? அந்தக் கொடுமைக்குப் பயந்தே நான் முழிச்சிருப்பேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

சிரிக்கத்தான் பார்த்தார். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அடிக்கடி கூப்பிடுங்க மாமா."

"சரிம்மா."

பம்ப் பெட்டியை இடப்பக்கம் ஒட்டினார். தப்பாக இருந்தால், "டேய், கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று கேட்க இனி உலகத்தில் ஆளில்லை. பிறகு பிளேடை எடுத்து, குட்டை உட்கார்ந்த இருக்கைப் பக்கம் இறுக ஒட்டியிருந்த கதவை மெல்லப் பெயர்த்தார். விளிம்பில் பசை தடவி, பாதி திறந்த வாக்கில் வைத்தார். கையை விட்டால் கதவு சாய்ந்தது. இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டார். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். சன்னல் வழியே வந்த சாயங்கால வெயில், விரல் நகம் அளவே இருந்த அந்த இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தது.