வெண்டலின் துப்பாக்கிக் குழல்

பழசு என்றாலே பழுப்பு என்று நினைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 1777இல் இங்கிலாந்து ராஜாவின் படைத் துப்பாக்கிகளின் குழல் பழுப்பு இல்லை. தேய்த்துத் தேய்த்து வெள்ளையாய் மின்னிய வெறும் இரும்பு. அந்தப் படையாக வேஷம் கட்டி, பென்சில்வேனியா வயல்களில் போர் நடத்திக் காட்டும் எங்கள் குழுவுக்கு நான்தான் சார்ஜென்ட். அணிவகுப்புக்கு முன் எல்லோர் துப்பாக்கியையும் சோதிப்பது என் வேலை.

வெண்டல் ஸ்ட்ரோம் பதினாறு வருடம் என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன். என் மனைவி விட்டுப்போன பிறகு எனக்கென்று இருந்த ஆள் அவன் ஒருவன்தான். மூன்று வருடத்துக்கு முன் புதிதாக ஒரு நகல் துப்பாக்கி வாங்கினான். மருந்து தடவி, துருவேற்றி, குழலை அழகாகப் பழுப்பாக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றான்.

"எப்படி இருக்கு மெர்ல்?"

"சாக்கடையில எடுத்த பைப் மாதிரி இருக்கு. வெளிய போ."

"விளையாடாதடா."

"வெளிய போன்னா போ."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். அவனே கூப்பிடட்டும் என்று நான் இருந்துவிட்டேன். இரண்டு ஆள் கூடாரம் ஒரு ஆளுக்கு எவ்வளவு பெரிது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆனாலும் நான் கூப்பிடவில்லை. எனக்கு வீம்பு.

போன ஏப்ரலில் அவன் மனைவி ஆர்லீன், போர்வை சுற்றிய நீள மூட்டையோடு என் வாசலில் நின்றாள்.

"அவருக்குப் பக்கவாதம். ஒரு மாசமாச்சு. வலது கை வரல, பேச்சும் சரியா வரல. இதைத் துடைக்க ஆள் வேணும்னு இடது கையால உங்க பேரைத்தான் எழுதிக் காட்டினார்."

போர்வையைப் பிரித்தேன். குழல் வெள்ளையாக இருந்தது. திருகாணி இடுக்கில்கூடப் பழுப்பு இல்லை.

"பழுப்பை எப்ப உரிச்சான்?"

"நீங்க வெளிய அனுப்பின அதே வாரம். சமையலறை முழுக்க இரும்புத் தூள். அப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம எண்ணெய் போட்டுத் துடைப்பார். மெர்ல் கூப்பிடுவான், தயாரா இருக்கணும்னு சொல்லுவார்."

வெறும் இரும்பு பொய் சொல்லாது. எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டு வாரம் விட்டாலே புள்ளி விழும். இந்தக் குழலில் விழுந்திருந்தவை இந்த ஒரு மாதத்துப் புள்ளிகள் மட்டும்தான். அந்த ஞாயிறுகளில் எல்லாம் ஆறு மைல் தள்ளி நானும் தனியாக உட்கார்ந்து என் துப்பாக்கியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். என்னை ஏறிட்டுப் பார்ப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சோதனைக்கு நிற்கும் சிப்பாயைப் போல விறைப்பாக நின்று துப்பாக்கியை நீட்டினேன்.

மடியில் வாங்கிக்கொண்டான். குழல் முனையிலிருந்து கட்டை வரை, நான் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தான். துப்பாக்கிக் குதிரைக்கு அடியில் இடது கை விரலை வைத்தான்.

"து... ரு."

குனிந்து பார்த்தேன். கடுகளவு இருந்தது.

"வெளிய... போ," என்றான்.

ஆர்லீன் திடுக்கிட்டாள். நான் நகரவில்லை. நகரவும் முடியாது, அவன் இடது கை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.