டப்பா டாக்டர்

கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள் அக்காக்காரி. செருப்பு தட்டுப்பட்டது. சுருட்டி எறிந்த சட்டை தட்டுப்பட்டது. டப்பாவைக் காணோம்.

வாசலில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடலைக் கொண்டுவரும் வண்டி அரை மணியில் வந்துவிடும். அதற்குள் அந்தப் பழைய பவுடர் டப்பாவைக் கிணற்றிலாவது வீசிவிட வேண்டும்.

தம்பியோடு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் இளவட்டங்கள் அதற்கு வைத்த பெயர் டப்பா டாக்டர். யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அதற்குள் வந்து விழும். அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகள். பேர் இருக்காது, தேதி இருக்காது. நிறம்தான் அடையாளம். ரோஸ் உடம்பு வலிக்கு, மஞ்சள் சளிக்கு, வெள்ளை எது வந்தாலும்.

டப்பாவுக்குப் பொறுப்பு இவள். "நர்சம்மா, ஒரு ரோஸ் எடுங்க" என்று தம்பியே கிண்டலடிப்பான். முட்டை அடுக்குகிற வேகத்துக்கு அவனுக்கு ஸ்பீடு என்று பேர்.

போன வாரம் ஸ்பீடுக்குக் காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி. சேர்ந்தாற்போல மூன்று நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஒன்று கேட்டான். இவள் இரண்டு கொடுத்தாள். நாலு நாள், வேளைக்கு இரண்டு. ஐந்தாம் நாள் கறுப்பாக வாந்தி எடுத்தான்.

"வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களாம்மா?"

டாக்டர் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை பயத்தில் சொன்ன 'இல்லை'யை மற்ற இரண்டு தடவையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

"என்னக்கா தேடுறே?"

தலை கட்டில் சட்டத்தில் இடித்தது. கதவருகே சித்தி மகள்.

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு பவுடர் டப்பா…"

"நான்தான் எடுத்தேன். பெரியம்மாவுக்கு அழுது அழுது தலைவலி தாங்கல. அண்ணன் ரோஸ்தானே போடும்? ரெண்டு குடுத்துட்டு வரேன்."

இவள் ஓடினாள்.

அடுக்களையில் அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் டம்ளர், மறு உள்ளங்கையில் இரண்டு ரோஸ். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

"அம்மா, போடாதே."

"தலை பொளக்குதுடி."

"வேணாம்மா. கீழ போட்டுடு."

"ஏன்? ஊருக்கெல்லாம் நீதானே குடுக்கிற?"

"அது… பழசும்மா."

அப்பாடா என்றிருந்தது. பின்னால் கடகடவென்று டப்பா குலுங்கியது.

"பழசா? இரு பெரியம்மா, இதுல வேற ரோஸ் இருக்கு. எனக்கும் ராத்திரிலேர்ந்து மேல் வலி, நானும் ஒண்ணு போட்டுக்கறேன்." சித்தி மகள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இவள் பாய்ந்தாள். டப்பாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாரும் போடாதீங்க." அம்மா பக்கம் திரும்பினாள். "தம்பிக்கு நான் இதைத்தான்மா குடுத்தேன். நாலு நாள். டாக்டர்கிட்ட சொல்லல."

விசிறிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம். ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போனார்கள். சித்தி மகளும் போய்விட்டாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை. வியர்த்த உள்ளங்கையில் ரோஸ் நிறம் கரைந்து, ரேகை ரேகையாக இறங்கிக்கொண்டிருந்தது.